லினக்ஸ் பணிமேடையில் தாமதத் தொடக்கத்தின் வரலாறு

கணினியில் பயனர் உள்நுழைந்ததும் அவர் தனியே கேட்காமலேயே சில நிரல்கள் இயங்கத் தொடங்குகின்றன. வலையமைப்பு இணைப்பைக் காட்டும் சின்னம், ஒலி அளவுக் கட்டுப்பாடு, கோப்பு ஒத்திசைவு நிரல், அரட்டை நிரல், புதுப்பிப்பு அறிவிப்பான் முதலியவை இவ்வகையின. இது தன்னியக்கத் தொடக்கம் எனப்படும். இந்நிரல்களில் சிலவற்றை உடனே தொடங்காமல், சில நொடிகளோ நிமிடங்களோ கழித்துத் தொடங்கச் செய்வது தாமதத் தொடக்கம் ஆகும். லினக்ஸ் பணிமேடைகளில் இவ்வழக்கம் பயனர்கள் தாமே எழுதிய ஒரு வரிக் கட்டளையாகத் தொடங்கியது. பின்னர் அமர்வு மேலாளர்களின் அமைப்புகளில் இடம்பெற்றது. 2019ஆம் ஆண்டுக்குப் பின் பெரும்பாலும் சிஸ்டம்டி என்னும் சேவை மேலாளரின் பொறுப்புக்கு வந்துள்ளது.

இரண்டு சிக்கல்கள்

தாமதத் தொடக்கம் இரண்டு வெவ்வேறு சிக்கல்களுக்குத் தீர்வாகப் பயன்பட்டு வந்துள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால்தான் இதன் வரலாறு விளங்கும்.

முதலாவது நெரிசல். பத்துப் பதினைந்து நிரல்கள் ஒரே நேரத்தில் வட்டிலிருந்து படிக்கவும் நினைவகத்தில் இடம் பிடிக்கவும் முயன்றால், பணிமேடை கண்ணுக்குத் தெரிந்தாலும் சுட்டியின் சொடுக்குக்கு மறுமொழி தராது. உடனடியாகத் தேவைப்படாத நிரல்களைச் சற்றுப் பின்தள்ளினால் இந்த நெரிசல் குறையும்.

இரண்டாவது வரிசை. ஒரு நிரலுக்குத் தேவையான மற்றொரு பகுதி இன்னும் ஆயத்தமாகாத நிலையில் அது தொடங்கிவிட்டால் பிழை நேரும். அறிவிப்புத் தட்டு உருவாகும் முன்பே அதில் சின்னம் வைக்க முயலும் நிரலும், வலையமைப்பு இணையும் முன்பே வழங்கியைத் தேடும் நிரலும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

நெரிசலுக்கு நொடிக்கணக்கு இயல்பாகப் பொருந்தும். ஒரு நிரல் 30 நொடி கழித்து வந்தாலும் 40 நொடி கழித்து வந்தாலும் அங்கே கேடில்லை. வரிசைச் சிக்கலில் அதே நொடிக்கணக்கு ஓர் ஊகம் மட்டுமே. 10 நொடியில் தட்டு ஆயத்தமாகிவிடும் என்று எண்ணி வைத்த தாமதம், கணினி மெதுவாகத் தொடங்கும் ஒரு நாளில் பொய்த்துவிடும். விரைவான கணினியிலோ அதே 10 நொடி வீணாகும். இந்த ஊகத்தின் இடத்தில் உறுதியான அறிவிப்பைக் கொண்டுவர நடந்த முயற்சிகளே இவ்வரலாற்றின் பெரும்பகுதி.

எக்ஸ் சாளர முறைமைக் காலம்

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் வரைகலை இடைமுகத்துக்கு அடிப்படையான எக்ஸ் சாளர முறைமை 1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்டது. அதன் 11ஆம் பதிப்பு 1987இல் வெளியானது. அக்காலத்தில் அமர்வைத் தொடங்க எக்ஸ்இனிட் என்னும் நிரல் பயன்பட்டது. எக்ஸ் வழங்கி எழுந்தபின் எவையெவை தொடங்க வேண்டும் என்பதைப் பயனர் தம் இல்லக் கோப்புறையில் ஒரு சாதாரண ஷெல் நிரலாக எழுதி வைத்தார். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் '&' குறி இட்டால் அந்நிரல் பின்னணியில் ஓடும். கடைசி வரியில் பெரும்பாலும் சாளர மேலாளர் இருக்கும்; அது முடிந்தால் அமர்வும் முடிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் தாமதத்துக்குத் தனி வசதி எதுவும் இல்லை, தேவைப்படவும் இல்லை. யூனிக்ஸின் 4ஆம் பதிப்பிலேயே, அதாவது 1973 முதல், 'ஸ்லீப்' என்னும் கட்டளை இருந்தது. கொடுத்த நொடிகள் முடியும்வரை எதுவும் செய்யாமல் காத்திருப்பதே அதன் ஒரே வேலை. அடைப்புக்குறிக்குள் 'ஸ்லீப் 5' என்று எழுதி, அதை அடுத்து நிரலின் பெயரைச் சேர்த்து, முழுவதையும் பின்னணியில் ஓட விட்டால் 5 நொடித் தாமதம் கிடைத்தது. ஓப்பன்பாக்ஸ் போன்ற எளிய சாளர மேலாளர்களின் தொடக்கக் கோப்புகளில் இந்த முறை மாற்றமின்றி நீடிக்கிறது.

1988இல் எக்ஸ்11இன் 3ஆம் வெளியீட்டுடன் எக்ஸ்டிஎம் என்னும் உள்நுழைவுத் திரை மேலாளர் வந்தது. 1994இல் 6ஆம் வெளியீட்டுடன் எக்ஸ் அமர்வு மேலாண்மை நெறிமுறை வந்தது. வெளியேறும்போது திறந்திருந்த நிரல்களை நினைவில் வைத்து, அடுத்த உள்நுழைவில் அவற்றை மீண்டும் திறப்பது இந்நெறிமுறையின் நோக்கம். அமர்வு மேலாளரிடம் ஒரு நிரல் தன்னைப் பதிவு செய்துகொள்ளும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. ஒரு நிரல் வந்து சேர்ந்துவிட்டது என்பதை மேலாளர் உறுதியாக அறிய இப்பதிவு வழிசெய்தது. பிற்காலத்தில் வரிசையை ஒழுங்குபடுத்த இதுவே அடிப்படையாயிற்று.

பணிமேடைச் சூழல்களின் வருகை

1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ திட்டத்தை அறிவித்தார். 1997 ஆகஸ்டில் மிகேல் தெ இகாசாவும் பெதரிகோ மேனாவும் குனோம் திட்டத்தைத் தொடங்கினர். கேடிஇயின் முதற்பதிப்பு 1998 ஜூலையிலும், குனோமின் முதற்பதிப்பு 1999 மார்ச்சிலும் வெளியாயின. அதன்பின் பயனர் உள்நுழைந்ததும் எழும் நிரல்களின் எண்ணிக்கை பெருகியது. சாளர மேலாளர், பலகம், பின்புலத் திரையை வரையும் கோப்பு மேலாளர், அமைப்புகளைக் கவனிக்கும் சேவை எனப் பல பகுதிகள் சேர்ந்தே ஒரு பணிமேடையாயின. பயனர் விரும்பிச் சேர்ப்பவை இவற்றுக்கு மேலாக வந்தன.

கேடிஇயில் ஆட்டோஸ்டார்ட் என்ற பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. அதில் இடப்பட்டவை உள்நுழைந்ததும் தொடங்கின. குனோமின் அமர்வு மேலாளர் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு வரிசை எண் வைத்திருந்தது. இயல்பான எண் 50. அதைவிடக் குறைந்த எண் கொண்டவை முதலில் தொடங்கும். சாளர மேலாளர், பலகம் போன்றவற்றுக்குச் சிறிய எண்கள் தரப்பட்டன. நொடிக்கணக்கைத் தவிர்த்து முன்பின் உறவால் வரிசையைச் சொல்லும் வழி இவ்வாறு தொடக்கத்திலேயே தோன்றியது.

ஒரு பணிமேடைக்காக எழுதிய ஏற்பாடு மற்றொன்றில் செல்லாது என்பது அப்போதைய குறை. 2000 மார்ச்சில் ஹவோக் பென்னிங்டன் தொடங்கிய ஃபிரீடெஸ்க்டாப் திட்டம் பணிமேடைகளுக்கிடையே பொது விவரக்குறிப்புகளை உருவாக்கியது. தன்னியக்கத் தொடக்கத்துக்கான விவரக்குறிப்பு அவற்றுள் ஒன்று. அதன்படி, கணினி முழுமைக்கும் உரிய தொடக்கக் கோப்புகள் 'இடிசி' கோப்புறைக்கு உள்ளேயும், பயனருக்கு உரியவை அவரது இல்லக் கோப்புறையின் 'கான்ஃபிக்' பகுதியிலும் இருக்கும். இரண்டிலும் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் பயனரின் கோப்பே செல்லும். நிர்வாகி வைத்த நிரலைப் பயனர் தம் அளவில் நிறுத்திக்கொள்ளும் உரிமை இவ்வாறு உறுதியானது. எந்தப் பணிமேடையில் மட்டும் தொடங்க வேண்டும், எதில் தொடங்கக்கூடாது என்பவற்றையும் இக்கோப்பில் குறிக்கலாம். ஆனால் எத்தனை நொடி கழித்து, எதற்குப் பின் என்ற இரண்டுக்கும் இவ்விவரக்குறிப்பில் இடமில்லை. இந்த வெற்றிடத்தை ஒவ்வொரு பணிமேடையும் தன் வழியில் நிரப்பியது.

தட்டில் இடம் கிடைக்காத சின்னங்கள்

வரிசைச் சிக்கல் பயனர்களின் கண்ணில் தெளிவாகப் பட்ட இடம் அறிவிப்புத் தட்டு. பலகத்தின் ஓரத்தில் சிறு சின்னங்கள் அமரும் இப்பகுதிக்கு ஃபிரீடெஸ்க்டாப் ஒரு நெறிமுறையை வகுத்தது. தட்டை நடத்தும் நிரல் ஆயத்தமானதும் எக்ஸ் முறைமை வழியாக அதை எல்லோருக்கும் அறிவிக்கும். முன்னதாகவே வந்துவிட்ட நிரல்கள் அவ்வறிவிப்புக்காகக் காத்திருந்து சின்னத்தை வைக்கலாம். நெறிமுறை சரியாகவே இருந்தது. ஆனால் பல நிரல்கள் காத்திருக்கும்படி எழுதப்படவில்லை. தொடங்கும் கணத்தில் ஒரு முறை தட்டைத் தேடி, இல்லையென்றால் சின்னமின்றியே ஓடின. அல்லது திரையின் மூலையில் சிறு சாளரமாக மிதந்தன. பயனருக்கு நிரல் ஓடுகிறதா என்பதே தெரியாமல் போனது.

கான்கி என்னும் கணினி நிலை காட்டும் நிரல் மற்றோர் எடுத்துக்காட்டு. இது பணிமேடையின் பின்புலத்தின்மீது நேரடியாக எழுத்துகளையும் வரைபடங்களையும் காட்டும். இது முதலில் தொடங்கி, கோப்பு மேலாளர் பின்னர் பின்புலத்தை வரைந்தால், கான்கி மறைந்துவிடும். ஆகவே அதைத் தாமதமாகத் தொடங்குவது பரவலான வழக்கமாயிற்று. கான்கியிலேயே தொடங்குமுன் இத்தனை நொடி பொறுத்திரு என்று சொல்லும் விருப்பத்தேர்வு ஒன்றும் உண்டு. வரிசையைச் சரிசெய்ய வழியில்லாதபோது நிரலே தன்னுள் தாமதத்தை ஏற்றுக்கொண்டதை இது காட்டுகிறது.

வன்வட்டும் ஐந்து நொடி இலக்கும்

நெரிசல் கடுமையாக இருந்ததற்கு வன்வட்டின் இயற்பியலே காரணம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்வட்டு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 8.3 மில்லிநொடி எடுக்கும். வேண்டிய தரவு படிக்கும் தலையின் அடியில் வரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது ஏறத்தாழ 4.2 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். தலை தடம் மாறும் நேரத்தையும் கூட்டினால், அங்கங்கே சிதறிய தரவை நொடிக்கு ஏறக்குறைய 100 முறை அளவிலேயே படிக்க இயலும். பல நிரல்கள் ஒரே நேரத்தில் தத்தம் கோப்புகளைக் கேட்டால் தலை அங்குமிங்கும் அலைந்தே நேரம் கழியும். தனித்தனியே தொடங்கினால் விரைவில் முடியும் வேலை, ஒன்றாகத் தொடங்கும்போது நீண்டுவிடும். இத்தகைய கணினியில் தாமதம் மொத்த நேரத்தையும் குறைக்கக்கூடியது.

2004இல் ரெட் ஹாட் நிறுவனத்தின் ஓவன் டெய்லர், கணினி தொடங்கும் நேரத்தில் என்னென்ன நடக்கிறது என்பதை ஒரே படத்தில் காட்டும் கருவி வேண்டும் என்று சவால் விடுத்தார். அதற்கு விடையாகச் சீகா மாகோவெச் உருவாக்கிய பூட்சார்ட் என்னும் கருவி, ஒவ்வொரு நிரலும் எப்போது தொடங்கியது, மையச் செயலகமும் வட்டும் எப்போது ஓய்ந்திருந்தன என்பவற்றைக் கோடுகளாக வரைந்து காட்டியது. நெரிசலை அதன்பின் கண்ணால் பார்த்துத் திருத்த முடிந்தது.

2008 செப்டம்பரில் போர்ட்லாந்து நகரில் நடந்த லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில், இன்டெல் நிறுவனத்தின் அர்யன் வான் தே வென், ஔக்கெ கோக் ஆகியோர் ஆசுஸ் ஈ-பிசி என்னும் சிறு மடிக்கணினியை 5 நொடியில் தொடங்கிக் காட்டினர். கருவகத்துக்கு 1 நொடி, தொடக்கநிலைப் பணிகளுக்கு 1 நொடி, எக்ஸ் முறைமைக்கு 1 நொடி, பணிமேடைக்கு 2 நொடி என்று முன்கூட்டியே நேரத்தைப் பங்கிட்டு அவர்கள் உழைத்தனர். தொடங்கி முடிந்தது என்பதற்கு அவர்கள் கொண்ட வரையறையும் கவனிக்கத்தக்கது. பணிமேடை திரையில் தெரிவது மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. மையச் செயலகமும் வட்டும் ஓய்வுக்கு வந்திருக்க வேண்டும். வேலையைப் பின்தள்ளி, பணிமேடை முன்னதாக வந்ததுபோல் காட்டும் தாமதத்தை இவ்வரையறை கணக்கில் ஏற்காது. அந்த அளவுகோலின்படி, தேவையற்ற நிரலைத் தொடங்காமலே விடுவதுதான் உண்மையான சேமிப்பு.

இதே காலத்தில் வேறு இயங்குதளங்களிலும் இக்கருத்து இடம்பெற்றது. 2007இல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், சேவைகளைத் தாமதமாகத் தன்னியக்கமாய்த் தொடங்கும் தனி வகை சேர்க்கப்பட்டது.

கட்டங்களாகப் பிரித்தல்

வரிசைச் சிக்கலுக்கு உரிய விடை கட்டங்கள் என்னும் ஏற்பாட்டிலிருந்து வந்தது. கேடிஇயில் தன்னியக்கத் தொடக்கம் 0, 1, 2 என மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. பணிமேடையின் அடிப்படைப் பகுதிகள் 0ஆம் கட்டத்திலும், துணைச் சேவைகள் 1ஆம் கட்டத்திலும், பிற நிரல்கள் 2ஆம் கட்டத்திலும் தொடங்கின. இன்ன நிரலுக்குப் பின் இது தொடங்க வேண்டும் என்றும் கோப்பில் குறிக்க முடிந்தது.

குனோமின் அமர்வு மேலாளர் 2008இல் வெளியான 2.24ஆம் பதிப்புக்காகப் பெருமளவு புதிதாக எழுதப்பட்டது. தொடக்க ஆயத்தம், சாளர மேலாளர், பலகம், பணிமேடை, பயன்பாடுகள் என்னும் கட்டங்கள் அதில் அமைந்தன. ஒரு கட்டத்துக்குரிய நிரல்கள் தம்மைப் பதிவு செய்யும்வரை அடுத்த கட்டம் தொடங்காது. ஏதேனும் ஒரு நிரல் பதிவு செய்யாமலே நின்றுவிட்டால், குறித்த காலக்கெடுவுக்குப் பின் மேலாளர் மேற்செல்லும். நொடிக்கணக்கு இங்கும் உண்டு. ஆனால் அது வழக்கமான காத்திருப்பாக இல்லாமல், பிழை நேர்ந்தால் காக்கும் கடைசி எல்லையாக மாறியது.

பயனர் கையில் நொடிக்கணக்கு

கட்டங்கள் பணிமேடையின் சொந்தப் பகுதிகளை ஒழுங்குபடுத்தின. கடைசிக் கட்டத்தில் ஒன்றாக எழும் பயன்பாடுகளிடையே நெரிசல் நீடித்தது. அதற்காகக் குனோம் தன் தொடக்கக் கோப்புகளில் தாமத நொடிகளைக் குறிக்கும் ஒரு தனி வரியை ஏற்றுக்கொண்டது. இது பயன்பாடுகள் கட்டத்துக்கு மட்டுமே செல்லும். சாளர மேலாளரையோ பலகத்தையோ இவ்வழியில் பின்தள்ள இயலாது. உபுண்டுவின் புதுப்பிப்பு அறிவிப்பான் 60 நொடித் தாமதத்துடன் தொடங்கும்படி அமைக்கப்பட்டது. உள்நுழைந்த முதல் நிமிடத்தில் எவருக்கும் தேவைப்படாத வேலை அது; ஆகவே நொடிக்கணக்கு சரியாகப் பொருந்தியது. குனோம் 2இலிருந்து கிளைத்த மேட் பணிமேடையிலும் இத்தகைய வரி உண்டு. மேட், சின்னமன் பணிமேடைகளின் தொடக்க நிரல் சாளரங்களில் தாமத நொடிகளை நேரடியாகவே நிரப்பலாம்.

பிற பணிமேடைகளில் பழைய ஸ்லீப் கட்டளையே கைகொடுத்தது. ஆனால் அங்கே ஒரு தடை இருந்தது. தொடக்கக் கோப்பில் எழுதப்படும் கட்டளை ஷெல் வழியாக ஓடுவதில்லை. ஆகவே ஸ்லீப்பையும் நிரலையும் ஒரே வரியில் ஷெல் குறியால் இணைத்தால் நிரல் தொடங்காது. முதலில் ஷெல்லை அழைத்து, முழுக் கட்டளையையும் மேற்கோள் குறிக்குள் அதனிடம் தர வேண்டும். அல்லது ஒரு தனி ஷெல் கோப்பில் எழுதி, அக்கோப்பைத் தொடக்கக் கோப்பில் குறிக்க வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்டிஇ பயனர்களிடையே இவ்விரு முறைகளும் பரவின.

வலையமைப்பு தேவைப்படும் நிரல்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நெட்வொர்க்மேனேஜருடன் வரும் என்எம்-ஆன்லைன் என்னும் கட்டளை, இணைப்பு ஏற்படும்வரை காத்திருந்து உடனே முடிந்துவிடும். இயல்பாக 30 நொடிக்குமேல் அது காத்திருப்பதில்லை. ஸ்லீப் இருந்த இடத்தில் இதை வைத்தால் ஊகம் நீங்கி, உண்மையான நிலையே அளவாகிறது.

சிஸ்டம்டி காலம்

கணினியின் முதல் நிரலை மாற்றியமைக்கும் முயற்சிகளும் இதே திசையில் சென்றன. ஆப்பிள் 2005இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4உடன் லாஞ்ச்டியைக் கொண்டுவந்தது. ஸ்காட் ஜேம்ஸ் ரெம்னன்ட் எழுதிய அப்ஸ்டார்ட், நிகழ்வுகளின் அடிப்படையில் சேவைகளைத் தொடங்குவது. 2006 அக்டோபரில் உபுண்டு 6.10இல் இடம்பெற்றது. 2010 ஏப்ரலில் லென்னார்ட் பொட்டரிங் சிஸ்டம்டியை அறிவித்தார். குறைவாகத் தொடங்குவது, தொடங்குபவற்றை இணையாகத் தொடங்குவது என்பவை அதன் முதன்மைக் கருத்துகள். ஒரு சேவையின் தொடர்புமுனையை முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டால், அதை நாடும் நிரல்கள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். செய்தி வரிசையில் நிற்கும். சேவை எழுந்ததும் பதில் கிடைக்கும். கட்டளையிட்டு வரிசைப்படுத்த வேண்டிய தேவையே இவ்வாறு பல இடங்களில் மறைந்தது.

இம்முறை பயனர் அமர்வுக்கும் விரிந்தது. 2019 செப்டம்பரில் வெளியான குனோம் 3.34, அமர்வை நடத்தச் சிஸ்டம்டியைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2020 ஜூலையில் வெளியான சிஸ்டம்டி 246, ஃபிரீடெஸ்க்டாப் தொடக்கக் கோப்புகளைப் படித்துத் தன் சேவை அலகுகளாக மாற்றும் ஆக்கியைச் சேர்த்தது. கேடிஇயின் பிளாஸ்மா 5.21 (2021) இதை விருப்பத்தேர்வாகவும், 5.25 (2022) இயல்பாகவும் ஏற்றன.

இம்மாற்றத்தில் பயனர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த ஆக்கி படித்துணரும் வரிகளில் குனோமின் தாமத வரி சேரவில்லை. ஆகவே ஓர் ஏற்பாட்டில் சரியாகத் தாமதித்த நிரல் மற்றோர் ஏற்பாட்டில் உடனே எழக்கூடும். சிஸ்டம்டியில் தாமதம் வேண்டுவோர் பயனர் சேவை அலகை எழுத வேண்டும். வரைகலை அமர்வு ஆயத்தமான பின் என்றோ, இன்ன சேவைக்குப் பின் என்றோ அதில் குறிக்கலாம். நெரிசலைக் குறைக்க மட்டும் விரும்பினால், நேரக்கணிப்பு அலகு ஒன்றை எழுதி, உள்நுழைந்து இத்தனை நொடிக்குப் பின் தொடங்கச் செய்யலாம். வரிசைக்கும் நெரிசலுக்கும் இங்கே வெவ்வேறு கருவிகள் உள்ளன.

இன்றைய நிலை

சுழலும் வட்டின் இடத்தைத் திண்மநிலை வட்டுகள் பிடித்தபின் நெரிசல் பெரிதும் தணிந்தது. படிக்கும் தலை இல்லாத இவ்வட்டுகள் சிதறிய தரவை நொடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கவல்லவை. பழைய வன்வட்டுடன் ஓடும் பள்ளிக்கூட, வீட்டுக் கணினிகளில் மட்டும் நொடிக்கணக்குத் தாமதம் இன்னும் கண்கூடான பயன் தருகிறது.

வரிசைச் சிக்கலை வட்டின் வேகம் தீர்க்கவில்லை. எல்லாம் விரைவாக எழும் கணினியில், எது முந்தும் என்பது ஒவ்வொரு உள்நுழைவிலும் மாறக்கூடும். பத்து முறை சரியாக வந்த சின்னம் பதினோராம் முறை காணாமல் போகலாம். இத்தகைய பிழையை நொடிகளைக் கூட்டிக் கூட்டி மறைக்கலாம், நீக்க முடியாது. ஆகவே ஒரு நிரலுக்குத் தாமதம் குறிக்கும் முன், அது எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்பது பயன்தரும். குறிப்பிட்ட ஒன்றுக்காக என்றால் அதன் ஆயத்தத்தையே நிபந்தனையாக வைக்கலாம். எதற்காகவும் இல்லை, பிறவற்றுக்கு வழிவிடவே என்றால் ஸ்லீப் கட்டளை போதும்.